எனக்கே வந்த ஷூ பார்சல்

செவ்வாய், இரவு.

ஆன்லைனில் நான் விற்கும் ஷூக்களுக்குப் பெட்டிச் செலவை மிச்சம் பிடிக்க நான் கண்டுபிடித்த பேக்கிங், ஓசூரில் எந்த இன்ஜினியருக்கும் தோன்றாது. ஷூவுக்குள் காகிதம் திணித்து, ஜோடியைத் தலைமாற்றி அடுக்கி, அட்டை சுற்றிக் கவரில் ஒட்டிவிடுவேன். சோதித்துப் பார்க்க என் விலாசத்துக்கே ஒன்று அனுப்பியிருந்தேன். இன்று வந்தது.

"யாருண்ணா அனுப்பிச்சது?" என்றான் கூரியர்காரன்.

"பெங்களூர்ல இருக்கற என் பையன். வாராவாரம் எதாச்சும் அனுப்பிட்டே இருப்பான்."

அவன் லேபிளைப் பார்த்தான். அனுப்புநர், பெறுநர் இரண்டும் நான்தான்.

"நல்ல பையன்ணா," என்று கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

பிரித்தேன். ஷூவில் ஒரு மடிப்புகூட இல்லை. ஜவளகிரி காட்டு யானை மிதித்தாலும் நசுங்காது. காட்டத்தான் வீட்டில் ஆளில்லை. பையனுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. அடுத்த ஜோடியை அவனுக்கே அனுப்பலாமென்று கவர் எடுத்தேன். அவன் கால் அளவு எட்டா, ஒன்பதா தெரியவில்லை.