பீரோவில் பூட்டிய குரல்

அக்கா,

உன் லேப்டாப் பை என் மடியில் இருக்கிறது. வெறும் பைதான். ஜிப்பைத் திறந்தால் அந்துருண்டை வாசனை அடிக்கிறது. உன் சுடிதார்களோடு ஒரு வருடம் பீரோவுக்குள் கிடந்த வாசனை. அம்மாவும் அப்பாவும் தூங்குகிறார்கள். யாராவது எழுந்து வந்தால் படிக்கிறேன் என்று சொல்ல அறிவியல் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே அம்மா உன் பொருள்களையெல்லாம் வாரி பீரோவில் வைத்துப் பூட்டினாள். "ஆண்டுப் பூசை முடியிற வரைக்கும் எதையும் யாரும் தொடக் கூடாது" என்றாள். சாவியைத் தன் ஜெபமாலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பீரோ இருக்கிற அறைக்குத் தகரக் கூரை. சித்திரையில் பீரோக் கதவில் கை வைத்தால் சுடும். ஆனாலும் நாங்கள் யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. உனக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நினைத்தோம்.

அந்த அறையில்தானே நீ கோயில் பாடகர் குழுவுக்குப் பாட்டுப் பதிவு செய்வாய்? ஃபேனை நிறுத்திவிடுவாய். நான் கதவோரம் காவல் நிற்க வேண்டும். "ஏய், அம்மாவ மிக்ஸிய நிப்பாட்டச் சொல்லுடி. பாட்டு பூரா சட்னி அரையுது!" என்று கத்துவாய். நான் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது என்று திட்டுவாய். "மூச்சு விடாம இருந்தா செத்துருவேன்க்கா" என்றால், "செத்தா ஒன் பூசைக்கு நானே பாடுறேன், கவலப்படாத" என்று சிரிப்பாய்.

பூசை அட்டையில் போட உன் படம் வேண்டும் என்பதால்தான் அம்மா போன வாரம் பீரோவைத் திறந்தாள். படத்தைவிட அவளுக்கு வேறொரு ஆசை பெரிதாக இருந்தது. "பூசை முடியிறப்போ அவ பாட்டு ஒண்ணு கோயில்ல கேக்கணும்" என்றாள். குழுவில் இருந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தோம். நீ அனுப்பியதையெல்லாம் பாடிப் பழகியதும் அழித்துவிட்டார்களாம். உன் போனிலும் இல்லை. இடம் போதாதென்று எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு அழித்திருக்கிறாய்.

லேப்டாப்பைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வந்தது. டிஸ்க்கே இல்லை என்றது. "சார்ஜு ஏறியிருக்காது, செத்த நேரம் விடுங்க" என்றாள் அம்மா. விட்டுப் பார்த்தோம். அதே எழுத்துதான்.

பேகம்பூரில் ஒரு கடைக்கு அப்பா என்னையும் கூட்டிப் போனார். கடைக்கார பாய் அடிப்பக்கத்தைக் கழற்றி, சூயிங்கம் பட்டை போல ஒன்றை உருவினார். "இதுலயா பாய் எல்லாம் இருக்கு?" என்று கேட்டார் அப்பா.

"இதுலதான் இருந்துச்சு. எம்புட்டு நாளாப் போடாம வச்சிருந்தீங்க?"

"ஒரு வருசம். பீரோவுல."

"மேல தகரமா?"

அப்பா தலையாட்டினார். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி இல்ல சார் இது. கரண்டே காட்டாம வெக்கையில போட்டு வச்சா உள்ள இருக்கிறத மறக்க ஆரம்பிச்சுரும். அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே தேஞ்சும் இருக்கலாம்."

தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். டிஸ்க் தெரிந்தது, உடனே மறைந்தது. கழற்றி ஆறவிட்டு மாட்டினார். மறுபடி தெரிந்தது. "எங்க மச்சான் மாதிரி. வேலை சொன்னா காணாமப் போயிருவான், சோத்துக்கு வந்துருவான்" என்று எனக்காகச் சிரித்தார். அப்புறம், "முழுசா எடுக்க முடியும்னு தோணல. எது மொதல்ல வேணும்?" என்றார்.

எனக்குப் பாட்டு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "போட்டோ. அட்டை அடிக்கக் குடுக்கணும்" என்றார் அப்பா.

படங்கள் வந்தன. குருத்தோலை ஞாயிறு அன்று ஓலையை என் தலையில் செருகிவிட்டு நிற்கிறாயே, அதுவும் வந்தது. பிறகு பாட்டு ஃபோல்டரைத் திறந்தார். பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. நகலெடுக்கப் போகும்போது டிஸ்க் மறைந்தது. ஆறவிட்டார், மாட்டினார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் வரை முயன்றார். அது திரும்பி வரவேயில்லை.

படங்களை ஏற்றிய பென்டிரைவை என் கையில் கொடுத்தார். "இதையும் பூட்டி வச்சுராத பாப்பா. ரெண்டு மூணு எடத்துல ஏத்தி வை. அப்பப்பப் போட்டுப் பாரு."

வழியில் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "பீரோ விசயத்த அம்மாகிட்ட சொல்லிராத, அப்பு. தாங்க மாட்டா."

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள், "பாட்டு?"

"பழைய டிஸ்க்குல்ல, போயிருச்சு" என்றார் அப்பா. அம்மா என் கையிலிருந்த பென்டிரைவை வாங்கி, உன் துப்பட்டாவில் சுற்றி, பீரோவை நோக்கி நடந்தாள். சாவி துவாரத்தில் நுழைந்த சத்தம் கேட்டது.

"அம்மா, அதுல வைக்காதம்மா!"

நான் போட்ட கத்தலில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "எனக்கு அடிக்கடி அக்காவப் பாக்கணும்" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவும் இல்லை.

அம்மா பீரோவைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி மேலே தகரத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கடைசியில் துப்பட்டாவைப் பிரித்துப் பென்டிரைவை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "நீயே வச்சுக்க. பாக்குறப்போ என்னையவும் கூப்பிடு" என்றாள்.

ஏன் என்று கேட்கவே இல்லை அக்கா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு அவளைக் கூப்பிட்டு உன் படங்களைக் காட்ட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தெரியாது என்பதுபோல நான் இருக்க வேண்டும். தெரியாது என்பதுபோல அவளும் இருப்பாளோ என்னவோ.