இடது வளைவில் ஒரு சத்தம்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்களும் நலம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். அதைத்தான் நம்ப முடியவில்லை. போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. பாப்பாவுக்கு முன்பற்கள் விழுந்து, 'அப்பா' தவிர எல்லா வார்த்தையும் காற்றோடு வருகிறது.

உங்கள் ஆபீசில் செய்து நீங்கள் அனுப்பிய கார் பந்தய விளையாட்டை, ஸ்டியரிங்கோடு, உங்கள் தம்பி டிவியில் மாட்டிக் கொடுத்தார். "டயர் அப்படியே நிஜம் மாதிரி இருக்கு அண்ணி, அண்ணன் கில்லாடி" என்று ஒரே புகழ்ச்சி. நானும் ஓட்டினேன். முதல் சுற்றில் டயர் சூடேறாமல் முரண்டு பிடிக்கிறது. சூடேறியதும் தரையைக் கவ்வுகிறது. ஈரத்தில் முன்சக்கரம் பிடி விடும்போது ஸ்டியரிங் கையில் லேசாகிவிடுகிறது. அந்தக் காலத்துப் பந்தயங்களில் உங்கள் பக்கத்து இருக்கையில் வழி சொல்லிக்கொண்டு வந்தவள் நான். நிஜக் காரில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் கணக்குப் போட்டே வந்துவிடுமா? நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எண்களை மாற்றுவதுதான் வேலை என்றீர்கள். போன வாரம் வீடியோவில் பார்த்தேன், உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. ஜிம் என்றீர்கள். மாடிப்படி ஏறவே சலித்துக்கொள்கிறவருக்கு ஜிம்மா? காதில் பூச்சுற்ற வேறு ஆளைப் பாருங்கள்.

டயர் சத்தத்தைப் பதிவு செய்யக் கார் ஓட்டியது யாரோ ஒரு டிரைவர் என்றீர்கள். நேற்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். இடது வளைவில், டயர் கிறீச்சிடுவதற்குச் சற்று முன், மெல்ல ஒரு "ச்சு". வலது வளைவில் இல்லை. நம் கடைசிப் பந்தயத்தில் கார் உருண்டது இடது வளைவில். அதற்குப் பிறகு, பாப்பாவைத் தோளில் சுமந்து கூடத்தில் இடப்பக்கம் திரும்பினால்கூட உங்கள் நாக்கு 'ச்சு' கொட்டும். உங்கள் ஆபீசில் எத்தனை பேர் கேட்டுச் சரிபார்த்தார்களோ, அவர்களுக்கு அதுவும் டயர் சத்தம்தான்.

தம்பியிடம் சொன்னேன். "பிரமை அண்ணி" என்றவர், போட்ட டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அவருக்கும் தெரியும் போலிருக்கிறது.

கழுத்தில் இன்னொரு அடி பட்டால் எழுந்து நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். இனிப் பந்தயக் காரைத் தொடமாட்டேன் என்று பாப்பா தலையில் கைவைத்துச் சொன்னீர்கள். அவள் தலைமேலேயே பொய்யா? கோபம் கோபமாக வருகிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

இதைப் படித்ததும் அந்தச் சத்தத்தை அழிக்கத்தான் ஓடுவீர்கள். வேண்டாம். அடுத்த பதிப்பில் அது இல்லையென்றால், ஓட்டுவதை விட்டுவிட்டீர்களா, மறைக்கக் கற்றுக்கொண்டீர்களா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

இன்று காலை பாப்பா என் ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். இடது வளைவு வந்ததும் சிரித்து, "அப்பா!" என்றாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

வந்துவிடுங்கள். கூடத்தில் திரும்ப இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பக்கத்து இருக்கைக்காரி