சின்னப் பல்சக்கரம்

திருவண்ணாமலை,
14-5-1984

அப்பா, அம்மாவுக்கு மலர்க்கொடியின் வணக்கம். அம்மாவுக்கு இருமல் குறைந்ததா?

நான் பள்ளி லீவுக்கு வேலை செய்யும் கடலை மில்லில், மிஷின் வேகமாக ஓடட்டும் என்று மிஷின் பக்கத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றினார்கள். சின்னச் சக்கரத்தில் செயின் கண்ணிகள் அதிகமாக மடங்கும், உராய்வு கூடும். செயின் சூடாகி எண்ணெய் புகைந்தது. முதலாளியிடம் சொன்னேன். "டீச்சரம்மா, நீங்க கடலையப் பொறுக்குங்க" என்று கேலியாகச் சிரித்தார்.

சனிக்கிழமை செயின் அறுந்து என் வலது கையில் அடித்தது. பயப்படாதீர்கள், கட்டுப் போட்டாயிற்று. விரல்கள் இனி மடங்காது என்கிறார் டாக்டர். இடது கையால் எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து கோணல்.

பொத்தான் போட முடியவில்லை. தலைவழியாக மாட்டும் சட்டை ஒன்று அனுப்புங்கள். என் ஜாமெட்ரி பாக்ஸைத் தங்கச்சி கஸ்தூரிக்குக் கொடுத்துவிடுங்கள். தபால்காரர் வந்துவிட்டார்.

மலர்க்கொடி