வேலிக்கு வெளியே மழை

அக்கரப்பத்தனை,
ஆடி, 1957

என் பிள்ளையைப் பெற்றவளுக்கு,

நோர்வூட்டில் அம்மா வீட்டிலாவது சாப்பிடுகிறாயா? இங்கே மூன்று நாளாக மழை.

பிள்ளைக்கு மூச்சு வாங்கியபோது, "நீங்க உபதேசியார்தானே, தண்ணியையாச்சும் ஊத்துங்க" என்று அழுதாய். ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று தோட்டத்து லயம் லயமாக, வீடுவீடாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனாலும், "பங்குச் சாமியார் சனிக்கிழமை வந்துடுவாரு" என்றேன். ஊற்றினால், அவன் சாகப்போகிறான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தப் பயத்தை உன்னிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமைக்கு முன்பே போய்விட்ட அவனுக்கு, ஞானஸ்நானம் இல்லையென்று கல்லறைத் தோட்டத்தில் இடம் தரவில்லை. வேலிக்கு வெளியே, நம் லயத்து மூக்கனின் மகளுக்குப் பக்கத்தில் புதைத்தோம். அவள் இறந்தபோது, ஞானஸ்நானம் பெறாத பிள்ளை மோட்சம் காணாது என்று மூக்கனிடம் சொன்னவனும் நான்தான். அவனே நம் பிள்ளைக்குக் குழி வெட்டினான். "ரெண்டும் ஒண்ணா வெளையாடட்டும்ங்க" என்றான்.

எல்லாரும் ஈடேற வேண்டும் என்பதுதானே ஆண்டவர் சித்தம்? பிறகு எதற்காக ஒரு கைத் தண்ணீருக்குக் காத்து நிற்கிறார்? சாமியாரிடம் கேட்டேன். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது தினமும் அங்கே நனைந்துகொண்டு ஞானஸ்நான வார்த்தைகளைச் சொல்கிறேன். மழை இரண்டு குழிமேலும்தான் விழுகிறது. அந்த வார்த்தைகளைப் பெயர் சொல்லித்தான் தொடங்க வேண்டும்; மூக்கனின் மகளுக்குப் பெயர் இருக்கிறது, சொல்லிவிட்டேன். நம் பிள்ளைக்குச் சாமியார் வந்து வைக்கட்டும் என்றல்லவா இருந்தோம்?

ஒரு பெயர் எழுதி அனுப்பு. மழை விடுவதற்குள் அனுப்பு.

உன் வீட்டுக்காரன்