சாந்தா போடாத மாத்திரை

11-2-2025, செவ்வாய்

இந்த நோட்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரி சென்டரில் நர்ஸ் பிரதீபா அம்மா கொடுத்தது. மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் அந்த அம்மாவிடம் ஒரு புதுக் கோளாறு சொல்வேன். காது நீளமாகிறது என்பேன். மாத்திரை போட்டதிலிருந்து மச்சினனைப் பிடித்துப் போய்விட்டது, பயமாயிருக்கிறது என்பேன். சிரித்துச் சிரித்து அலுத்துப்போய் இன்று நோட்டைக் கையில் வைத்துவிட்டார்.

"ஐயா, உடம்பு என்ன பண்ணுதோ அதத் தேதி போட்டு எழுதுங்க. நெஜமா பண்றத மட்டும்."

அஞ்சாவது வரைக்கும் படித்தவன். அப்புறம் கட்டுமரம். எழுத்து கோணலாகத்தான் வரும். படிக்கப் போவதும் நான்தானே.

பெயர் நீலமேகம். வயது அறுபத்தேழு. புதுப்பட்டினத்துக்குப் பக்கத்துக் குப்பம். நோய் எச்.ஐ.வி. எழுதிவிட்டேன். நோட்டு தீப்பிடிக்கவில்லை.

12-2

ராத்திரி கனவில் என் பெண்டாட்டி சாந்தா ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மாத்திரையின் கோளாறுதான், சந்தேகமே இல்லை.

16-2, ஞாயிறு

எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது. இந்த மாத்திரைக்கு அப்படி ஏறலாம் என்று சென்டரில் சொல்லியிருக்கிறார்கள். சாந்தாவிடம் அதையே சொன்னேன். அவள் என் தட்டைப் பார்த்தாள். தட்டில் வவ்வால் மீன் நாலு துண்டு.

"மாத்திரைக்கு வாய் கீதா இன்னா? அதுவா துன்னுது?"

சாந்தாவும் அதே மாத்திரைதான். பதினாலு வருஷமாக இரண்டு பேரும். எனக்கு வந்தது. அவளுக்குக் கொடுத்தது நான். சண்டையில் எடுத்து வீச அதைவிடப் பெரிய கல் கிடையாது. ஒரு தடவைகூட அவள் அதை எடுத்ததில்லை.

டப்பாவின் லேபிளைச் சுரண்டிவிடுவாள். குலுங்கிச் சத்தம் வராமலிருக்க உள்ளே பஞ்சு. சாமி படத்துக்குப் பின்னால் இரண்டு டப்பா, சாப்பிட்டதும் எட்டு மணிக்கு ஆளுக்கொன்று. அடுத்த வீட்டுக்காரி கேட்டால் சத்து மாத்திரை. குப்பத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

24-2

முட்டி வலி. கரையில் குந்திக்கொண்டு வலையில் நண்டு பிரிக்கிற வேலைக்கு முட்டிதான் கூலி கேட்கிறது. காலையில் வழக்கம்போல திருவேங்கடம் மெடிக்கலில் வலிக்கு ஒரு செட்டு வாங்கிப் போட்டேன். சாயங்காலம் இன்னொன்று. டீ குடித்த மாதிரி சுறுசுறுப்பு.

பிரதீபா அம்மாவிடம் சொல்ல: இன்று மாத்திரையால் கோளாறு எதுவுமில்லை. ஏமாற்றமாக இருக்கிறது.

11-3, செவ்வாய்

திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் சென்டருக்குப் போனோம், இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். சாந்தாவுக்கு எல்லாம் சரி. எனக்குக் கிட்னி கணக்கு ஒன்று புள்ளி ஒன்பது. போன தடவை ஒன்று புள்ளி ஒன்று.

டாக்டர் சங்கரி அம்மா பேப்பரை இரண்டு தடவை பார்த்தார். கிட்னி கழுவி வெளியே தள்ள வேண்டிய அழுக்கு ரத்தத்திலேயே நிற்கிறதாம். எங்கள் மாத்திரை ஒன்றுக்குள் மூன்று மருந்து; அதில் ஒன்று சில பேருக்குக் கிட்னியைத் தொந்தரவு பண்ணுமாம். அதற்குத்தான் அடிக்கடி ரத்தம் பார்ப்பதாம்.

"வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களா? சுகர், பிரஷர், நாட்டு மருந்து?"

"இல்லம்மா."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம், இறங்காவிட்டால் மாத்திரையை மாற்றலாம், அதுவரை நானாக நிறுத்தவே கூடாது என்றார். நிறுத்தினால் கிருமி தலையெடுக்கும். அப்புறம் இதே மாத்திரை கேட்காமல் போனாலும் போகும் என்றார். தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போது ஒரு ஜோக்கும் வரவில்லை. சாந்தா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜுரமா என்று.

13-3

மேலத்தெரு நரசிம்மனை வாரத்துக்கு மூன்று தரம் மிஷினில் படுக்க வைக்கிறார்கள். கை முழுக்க ஊசி. கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். கிட்னி.

என்னை உயிரோடு வைத்த மாத்திரையே என்னைத் தின்கிறதா?

16-3, ஞாயிறு

நேற்றும் இன்றும் போடவில்லை. கையில் வாங்கி, வாயில் போடுகிற மாதிரி காட்டி, தண்ணீர் குடித்து, அவள் திரும்பினதும் டப்பாவுக்குள்ளேயே திரும்பப் போட்டேன். சின்ன வயதில் மிட்டாய் திருடின கை.

17-3

மாட்டிக்கொண்டேன்.

சாந்தா இரண்டு டப்பாவையும் பாயில் கவிழ்த்து எண்ணியிருக்கிறாள். நான் உள்ளே வந்ததும் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் பயம்.

"ரெண்டும் ஒரே நாள்ல தொறந்தோம். உன்னுதுல ரெண்டு ஜாஸ்தி கீது."

கிட்னி என்றேன். நரசிம்மன் என்றேன். முழுதாகக் கேட்டாள்.

"கிட்னிக்கு டாக்டரு கீது, வேற மாத்திரை கீது. இத்த வுட்டா இன்னா ஆவும்னு உனுக்குத் தெரியாதுய்யா. நீ அப்ப கண்ணத் தொறக்கல. நான் பாத்துகினு இருந்தேன். முப்பத்தாறு கிலோ. உன்ன ஆட்டோவுக்குத் தூக்கினு போனது நானு. மீன் கூடை அத்தவிட கனமா இருக்கும்."

போட்டுட்டேன். அவ எதிர்லயே. வாயத் தொறந்து காட்டுன்னா. காட்டினேன். நாக்கத் தூக்குன்னா. தூக்கினேன். அறுவத்தேழு வயசுல.

20-3

ஒரே மருந்து, ஒரே குழம்பு, ஒரே குழாய்த் தண்ணீர். அவளுக்குப் புள்ளி எட்டு. எனக்கு ஒன்று புள்ளி ஒன்பது. ஏன்?

காலையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெற்றிலை போடுகிறாள், நான் போடுவதில்லை. அதுதான் கிட்னியைக் காக்கிறதோ என்று நானும் ஒன்று போட்டேன். பீடியை நான் விட்டே பத்து வருஷம். அவள் பகலில் தூங்குவதில்லை. நான் தூங்குகிறேன். தூங்கினால் கிட்னி போகுமா?

"இன்னாத்துக்கு என்ன இப்படி மொறைக்கிற?" என்றாள். கல்யாணத்தப்போ சரியாகப் பார்க்கவில்லை, அதான் என்றேன். கரண்டி பறந்து வந்தது.

21-3, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

சந்தையிலிருந்து கூடை தூக்கி வந்து சாந்தாவுக்குத் தோள்பட்டையில் வலி. சட்டைப் பையில் ஒரு செட்டு வைத்திருந்தேன். பேப்பரைப் பிரித்து, "இந்தா, போடு" என்றேன். அவளும் கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை.

இது நான் போடுவது. அவள் போடாதது.

"இன்னாய்யா, குடுக்க மனசு வரலியா?"

பேப்பரை மடித்துவிட்டேன். ஜனவரியில் முட்டி பிடித்ததிலிருந்து காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வலை கனமாக வந்த நாளில் மூன்று. டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை? அவர் மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டார். செட்டு எப்படி மருந்தாகும்? எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகுமுன் ஒன்று, வந்ததும் ஒன்று. சீட்டு இல்லை, டாக்டர் இல்லை, பெயரும் இல்லை. மூன்று மாத்திரையை வெட்டிப் பேப்பரில் மடித்துக் கொடுப்பான். டீயைப் போய் யாராவது மருந்தென்று சொல்வார்களா?

22-3, சனி

சென்டருக்குக் கொண்டுபோனால் என்ன மாத்திரை என்று கேட்பார்கள். வெட்டின துண்டில் பெயர் பாதிகூட இல்லை. திருவேங்கடத்தைத்தான் கேட்க வேண்டும். அவன் ஏன் என்பான். எந்த ஆஸ்பத்திரி என்பான். என்ன வைத்தியம் என்பான். அவன் வாய்க்குள் போன சேதி மத்தியானத்துக்குள் கல்பாக்கம் தாண்டும். பதினாலு வருஷம் பஞ்சு வைத்துக் காத்தது.

கடையை மூன்று தரம் கடந்து போனேன். நாலாவது தரம் அவனே கூப்பிட்டான். "இன்னா அண்ணாத்த, கட வாசல்ல ரோந்து போற?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "கிட்னி கெட்டுப்போச்சாம்டா. இன்னா மாத்திரை போடறன்னு டாக்டரு எழுதினு வரச் சொல்றாரு."

அவ்வளவுதான். எந்த டாக்டர் என்றுகூட அவன் கேட்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"கிட்னியா? மொதல்லயே சொல்றதில்ல? கிட்னி கெட்டவனுக்கு இத்தக் குடுக்கவே கூடாது, அண்ணாத்த. நீ கேட்ட, நான் குடுத்தேன். என் பேர எங்கியும் சொல்லிடாத."

மூன்று பெயரையும் எழுதிக் கொடுத்தான். கையிலிருந்த செட்டையும் கேட்டான். டாக்டருக்குக் காட்டணும் என்று நான் கொடுக்கவில்லை. என் ரகசியத்தைக் காக்கப் போனேன், அவன் ரகசியத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

எச்.ஐ.வி. என்ற வார்த்தை தேவையே படவில்லை. கிட்னி என்றாலே எல்லாக் கதவும் திறக்கிறது. மூன்று மாசம் முன்னால் டாக்டரிடம் முட்டி என்று சொல்லியிருந்தால் அந்தக் கதவும் திறந்திருக்கும்.

25-3, செவ்வாய்

சங்கரி அம்மா சீட்டைப் படித்தார். மூன்றில் இரண்டு வலி மாத்திரை, ஒன்று வயிற்றுக்கு. வலி மாத்திரையும் கிட்னியைத் தட்டுமாம், எங்கள் மாத்திரையும் லேசாகத் தட்டுமாம். இரண்டும் ஒரே ஆளைச் சேர்ந்து தட்டினால்? அடிதான்.

இதுதான் காரணம் என்று இன்றே சொல்ல மாட்டேன் என்றார். இன்றைய கணக்கு ஒன்று புள்ளி எட்டு. செட்டை நிறுத்து, எட்டு மணி மாத்திரையை நிறுத்தாதே, இரண்டு வாரத்தில் வா. வலிக்கு அவர் எழுதினது மட்டும், அதுவும் தாங்காத நாளில் மட்டும்.

இரண்டு நாள் போடாததையும் சொல்லிவிட்டேன். நான் சொல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சொல்லியிருப்பாள்.

கிளம்பும்போது நின்று சொன்னேன். "கேள்வி சரியில்லம்மா. வேற மருந்துன்னு கேட்டா எங்க ஆளு இல்லன்னுதான் சொல்லுவான். பொய் இல்ல. செட்டு போடறியான்னு கேளுங்க."

டாக்டர் பேனாவை எடுத்தபடி பிரதீபா அம்மாவைப் பார்த்தார். நான் ஏதோ ஜோக் அடிப்பதாக இரண்டு பேரும் நினைத்தார்களோ என்னவோ. காது நீளுகிறது என்று சொன்ன வாய்தானே.

2-4

முட்டி கொல்லுது. திருவேங்கடம் கடை வழியாப் போகாம சுத்தி வந்தேன். சுத்தினதுல இன்னும் வலி.

8-4, செவ்வாய்

ஒன்று புள்ளி மூன்று.

செட்டுதான் என்றார் டாக்டர். மாத்திரையை மாற்ற வேண்டியதில்லை, ஆனால் ரத்தம் பார்ப்பதை விடக்கூடாது. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது சாந்தா இறங்கி மல்லிப்பூ வாங்கினாள். எதுக்கு என்று கேட்டேன். உன் கிட்னிக்கு என்றாள்.

29-4

மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் மணலில். நண்டு பிரிக்கிற வேலை இல்லை, முட்டிக்கும் விடுமுறை. சாந்தா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கிறாள். கொஞ்சம் சூடு அதிகம். வேண்டுமென்றே என்பது என் சந்தேகம். தடை முடிந்தால் குந்தி வேலை செய்ய மாட்டேன், பலகை போட்டு உட்கார்ந்து செய்வேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். கிழவன் பலகை போட்டுக்கொண்டான் என்று நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எட்டு மணிக்கு மாத்திரை போட்டதும், கேட்காமலேயே நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன். முதலில் முறைப்பாள். இப்போது சிரிக்கிறாள்.

10-6, செவ்வாய்

இன்று கணக்கு ஒன்று புள்ளி ஒன்று. பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

சென்டரில் கூட்டம். எடை பார்க்கிற மேஜைக்குப் பக்கத்து பெஞ்சில் நானும் சாந்தாவும். எங்களுக்கு முன்னால் ஐம்பது வயதிருக்கும், ஒரு ஆள். தெரியாத முகம். கையைப் பார்த்தேன், கயிறு அறுத்த தழும்பு. கடல் ஆள்தான்.

பிரதீபா அம்மா தணிந்த குரலில்தான் கேட்டார். பக்கத்திலிருந்ததால் காதில் விழுந்தது.

"வேற மருந்து ஏதாவது போடறீங்களா?"

"இல்லம்மா."

"சரி. செட்டு?"

அந்த ஆள் சட்டைப் பையில் கைவிட்டு, மடித்த பேப்பர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

நாலைந்து ஜோக் வாயில் வந்து நின்றது. ஒன்றையும் விடவில்லை. அவன் திரும்பி வந்து உட்கார இடம் தேடினான். நான் சாந்தா பக்கம் நகர்ந்து இடம் விட்டேன்.

கோளாறு: முட்டி மட்டும்.