பூனைக்கும் விரதமோ

முருகன் துணை
உடுவில்

அன்பு மகள் தனுசியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், கால் வீக்கமும் வற்றிவிட்டது, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, வேறென்ன வேண்டும். அங்கே சுவிஸ் குளிரில் நீயும் மருமகன் சயந்தனும் நோய் நொடியில்லாமல் இருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்க அப்பா ஏன் காகிதமும் பேனாவும் தூக்குகிறார் என்று நினைப்பாய். அந்தப் போனில் உன் முகம் தெரியப் பண்ணித் தருவது யார்? பக்கத்து வீட்டு ஜெயனி. அவளைப் பற்றி அவளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு கதைக்க முடியுமா? அதனால்தான் எழுதுகிறேன், நானே சைக்கிளில் போய்த் தபாற் கந்தோரில் போடுவேன், அவள் கையில் கொடுத்துவிட மாட்டேன். அது கிடக்க, சயந்தன் முன்போலப் போனில் முகம் காட்டுவதில்லை. வேலை என்கிறாய். வேலைதானா அல்லது இரண்டு பேரும் சண்டை பிடித்துக் கொழுவிக்கொண்டீர்களா? இருந்தால் மறைக்காமல் சொல்.

பங்குனியில் நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து உனக்கு ஒரே பல்லவி. யாரிடமாவது வீட்டுப் பூட்டின் ஒரு திறப்பைக் கொடுத்து வையுங்கோ அப்பா, இனி விழுந்தால் யார் தூக்குவது என்று. அன்றைக்கு வாசல் படலை உள்ளே பூட்டியிருந்தபடியால் ஜெயனியின் தகப்பன் கிறிஸ்துநாயகம் மதிலேறிக் குதிக்க வேண்டி வந்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. அதற்காக வீட்டுத் திறப்பைப் பிறத்தியாரிடம் கொடுக்க முடியுமா? அம்மா போய் ஒரு வருஷமாகி ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது, இந்த வீட்டில் அவளுடைய கூறைச் சேலை இருக்கிறது, நகை இருக்கிறது, என் உயிரும் இருக்கிறது. நாலு வீடு தள்ளி ஆழ்வாப்பிள்ளையர் வீட்டுக்கு உதவி செய்ய வந்தவன் கடைசியில் தண்ணீர் மோட்டரையே கழற்றிக்கொண்டு போனான். அதனால்தான் ஜெயனி சும்மா சும்மா சாப்பாடு கொண்டுவரத் தொடங்கியதும் நான் பின்கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டு வைத்தேன். முன்பள்ளி ரீச்சர், படித்த பெட்டை, ஒரு கிழவனுக்கு எதற்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும்? ஏதோ அலுவல் இருக்கிறது என்று கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன்.

இனிப் பூனைக் கதைக்கு வருகிறேன், எல்லாம் அதிலேதான் இருக்கிறது. ஆனி மாதம் விறகுக் கொட்டிலுக்குள் ஒரு காட்டுப் பூனை மாதிரி ஊர்ப்பூனை வந்து மூன்று குட்டி போட்டது. கறுப்பும் வெள்ளையும், ஒரு காது கிழிந்தது, ஆளைக் கண்டால் பல்லைக் காட்டிச் சீறும். சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டுவிட்டு வாருங்கோ என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ விதை வெங்காயத்தை எலி அரித்துக் கொட்டுகிறது, பூனை நின்றால் நல்லது என்று பட்டது. பாசம் கீசம் ஒன்றுமில்லை, எலிக்காகத்தான். ஒரு குட்டியைப் பிடித்துப் பழக்கலாம் என்று கையை விட்டேன், தாய் பாய்ந்து விறாண்டித் தள்ளிவிட்டது. ஆசுபத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன், அதைப் போனில் உனக்குச் சொல்லவில்லை. ஜெயனி படலையடியில் நின்று பார்த்துவிட்டு, மாமா உதுகளைப் பிடிக்கப் போகாதேங்கோ, சாப்பாட்டை வைச்சிட்டுத் தள்ளி நிலத்திலை குந்துங்கோ, கண்ணுக்குள்ளை பார்க்காதேங்கோ, பார்த்தாலும் மெல்லக் கண்ணை மூடித் திறவுங்கோ, நாளுக்கு நாள் கோப்பையைக் கொஞ்சம் உங்கடை பக்கம் இழுங்கோ, குட்டியள் சின்னனாய் இருக்கேக்கை பழக்கினால்தான் உண்டு என்றாள். எனக்கு ஏன் இவ்வளவு பாடம் எடுக்கிறாள் என்று அதற்கும் சந்தேகம்தான். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, அவள் சொன்னபடி சூடை மீன் தலை அவித்து வைத்துவிட்டு முழங்கால் நோக நோகக் குந்தியிருந்தேன். முதலில் நான் உள்ளே போனால்தான் தின்றன. பிறகு நான் இருக்கத் தின்றன. ஆடி நடுப்பகுதியில் மண்ணிறக் குட்டியொன்று என் விரலில் இருந்த மீன் சாற்றை நக்கியது. நாக்கு அரத்தாள் மாதிரி. அன்று முழுக்க எனக்கு ஒரு சந்தோஷம், யாரிடம் சொல்வது?

அப்போதுதான் நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறியது. கொடியேறினால் இறங்கும்வரை நம் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை என்பது உனக்குத் தெரியும். அம்மா இருந்தபோது மச்சச் சட்டியைக்கூட வெளியே கவிழ்த்து வைப்பாள், நான் ஆம்பிளை தனியே இருந்தும் அதை விடவில்லை. மீன் நின்றது. பூனைகளுக்குச் சோறும் பருப்பும் குழைத்து நெய்விட்டு வைத்தேன். தாய்ப் பூனை மணந்து பார்த்துவிட்டு, நீ எல்லாம் ஒரு மனிசனா என்பது போல ஒரு பார்வை பார்த்தது. கொஞ்ச நாளில் குட்டிகள் விறகுக்குள்ளே பின்வாங்கி என்னைக் கண்டால் சீறத் தொடங்கிவிட்டன. பட்ட பாடெல்லாம் வீண். மனம் விட்டுப் போனேன் பிள்ளை, உனக்குச் சொல்ல வெட்கமில்லை. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. என் கோப்பையைத் தொடாத பூனைக்கு வயிறு மட்டும் எப்படிப் புடைத்திருக்கிறது? அதோடு காயப்போட்டிருந்த, இடுப்பில் கட்டுகிற என் பழைய சாரத்தையும் காணவில்லை. நீலக் கோடு போட்டது, அம்மா எடுத்துத் தந்தது. பூனையும் போகிறது சாரமும் போகிறது, இனி எது போகும் என்று வேலியோரமாக மோப்பம் பிடித்துக்கொண்டு போனேன். அம்மா ஜெயனி வீட்டுக்கு நுழைந்து போய்வந்த வேலிப் பொட்டு இருக்கிறதல்லவா, அவள் போன பிறகு நான் ஓலை வைத்து அடைத்தது, அது பூனை நுழைகிற அளவுக்குப் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் மீன் முள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. யேசுவைக் கும்பிடுகிற வேதக்கார வீட்டில் கொடியேற்றமா இறக்கமா, அவர்கள் பாட்டுக்கு மீன் காய்ச்சுவார்கள், அது வேறு. நான் குந்திக் குந்திப் பழக்கிய பூனையை மீனைக் காட்டி இழுப்பதா? நேரே அவர்கள் வாசலில் போய் நின்று, பிள்ளை உனக்குப் பூனை வேணுமெண்டால் கேட்டிருக்கலாமே, களவாய் ஏன் இழுக்கிறாய், என்ரை சாரம் எங்கை என்று சத்தம் போட்டேன். ஜெயனி கோபிக்கவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. மாமா நீங்கள் விரதம், சரி, பூனைக்கும் விரதமோ என்று கேட்டுவிட்டு என்னைப் பொட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோப்பை அவர்கள் பக்கத்தில் இல்லை, நம் பக்கத்தில், நம் வளவுக்குள்ளே இருந்தது. அதற்குக் கீழே நாலாய் மடித்து என் சாரம். உங்கடை மணத்திலைதான் சாப்பிடுதுகள், கொடி இறங்குமட்டும் உங்களை மறக்கக்கூடாது எண்டுதான், சொன்னால் மச்சத்தை வளவுக்குள்ளை விடமாட்டியளெண்டு சொல்லேல்லை என்றாள். சாரத்தைத் தோய்த்துத் தா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

தேரும் தீர்த்தமும் முடிந்து, வீடு கழுவி, சுன்னாகத்தில் சூடை வாங்கி வந்து வைத்தேன். அவள் சொன்னது பொய்யில்லை. மண்ணிறக் குட்டி நேரே வந்து என் மடியில் ஏறிப் படுத்துவிட்டது. அசைந்தால் போய்விடுமோ என்று கால் விறைக்க விறைக்க இருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் விழுந்த புதிதில் ஜெயனி சாப்பாட்டைப் படலையில் கொளுவிவிட்டு, தட்டிவிட்டு, நான் வருமுன் போய்விடுவாள். பிறகு மதிலில் வைத்தாள். பிறகு முற்றத்தில். பிறகு குசினி வாசற்படியில். இப்போது குசினிக்குள்ளே நின்று என் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவுகிறாள், நான் எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாளும் என் கண்ணைப் பார்த்துக் கதைத்ததில்லை, எல்லாவற்றையும் பூனைக்குச் சொல்வது போலத்தான் சொல்லுவாள். என்னையல்லவோ பழக்கியிருக்கிறாள், நல்ல கள்ளி! ஆனால் இது அவளுடைய தனி மூளை இல்லை. எனக்குச் சொதியில் வெந்தயம் ஆகாது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி போய்விட்டாள். மற்றது நீ. படலையில் கொளுவிய முதல் நாள் சொதியிலேயே வெந்தயம் இல்லை. நீ எத்தனை மாதமாய் அவளோடு கதைக்கிறாய்? அப்பாவுக்குக் கிட்டப் போகாதே, தள்ளி வை என்று சொன்னது நீதானே? உண்மையைச் சொல், அடிக்க மாட்டேன்.

தாய்ப் பூனை இன்னும் தொட விடாது, தூர இருந்து பார்க்கும், பார்க்கட்டும். மற்ற இரண்டு குட்டிகளுக்கும் ஜெயனி முன்பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் இடம் பார்த்துவிட்டாளாம், நான் போய் அந்த வீடுகளைப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன். நீ காலுறை போடாமல் வெளியே போகாதே. சயந்தனுக்குக் கோபம் வரும்போது நீ பதிலுக்குப் பதில் கதையாதே, கொஞ்சம் தள்ளி இரு, தானாய் வருவான். இரண்டு பேரும் சீரும் சிறப்புமாய், பிள்ளைகுட்டியோடு நீடூழி வாழ அப்பாவின் ஆசீர்வாதம்.

திறப்பு விஷயம் கேட்டிருந்தாய். திறப்பை நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். ஆனால் வேலிப் பொட்டிலிருந்த ஓலையை எடுத்துவிட்டேன், பின்கதவுக்கும் இப்போது தாழ்ப்பாள் போடுவதில்லை. குட்டி வந்து போக வேண்டுமென்று ஜெயனியிடம் சொன்னேன். அவள் சிரிக்காமல் ஓம் மாமா என்றாள். நீயும் சிரிக்காமல் நிம்மதியாய்ப் படு.

இப்படிக்கு
உன் அப்பா
க. நமசிவாயம்