தலை குனிந்தால் வேண்டாம் என்று அர்த்தமாம்

சூளகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஆனந்துக்கு அம்மா பொற்கொடி சொல்லச் சொல்ல, தங்கை சுவாதி எழுதுவது. நானும் அப்பாவும் சுவாதியும் நலம், மாடும் கன்றும் நலம், அந்த மலைக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ, அதை மட்டும் நீ எழுதுவதே இல்லை.

உன் மூன்று பக்கக் கடிதம் வந்தது. போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உன் குரு சொல்லிவிட்டதால் இந்தக் காலத்திலும் தபால்காரரை எதிர்பார்த்து நிற்கிறேன். தர்காவில் உட்கார்ந்தபோதும், சர்ச்சில் தியானத்துக்குப் போனபோதும், புத்த மடத்தில் மூச்சை எண்ணியபோதும் உள்ளே கிடைத்தது ஒரே மௌனம்தான் என்று எழுதியிருக்கிறாய், எல்லா வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகிறதாம். அதில் ஒரு வழி சூளகிரி பஸ் ஸ்டாண்டு பக்கமாக வந்தால் என்னப்பா? கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே என்று எழுதச் சொல்ல வந்தேன், ஆனால் கோபத்தில்தான் சொல்கிறேன். நீ கம்பெனி வேலையை விட்டபோதுகூட நான் இப்படிப் பேசவில்லை.

போவதற்கு முன் மாடி அறையில் நாற்பது நாள் பேசாமல் இருந்தாயே, வினை அங்கேதான் தொடங்கியது. ஷிப்டு முடிந்து பஸ்ஸில் இறங்குகிறவர்கள் உன்னைப் பார்க்க வந்து படியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். நீ போனதும் நின்றுவிடும் என்று இருந்தேன், நிற்கவில்லை, அண்ணன் இல்லாவிட்டால் தங்கை என்று சுவாதியைப் பிடித்துக்கொண்டார்கள். வேற்று ஆளைப் பார்த்தால் இவள் வாயைத் திறக்கமாட்டாள் என்பது உனக்குத் தெரியும், எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள் என்றுதானே ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையே விட்டாள். அந்தக் கூச்சத்தை மௌனம் என்கிறார்கள். நம் மாரியம்மன் கோயிலில் அம்மன் தோளில் பூ வைத்து, வலப்பக்கம் விழுந்தால் செய், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம் என்று வாக்குக் கேட்பார்கள் இல்லையா, அதே மாதிரி இவள் முன்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள். தலை நிமிர்ந்தால் செய், குனிந்தால் வேண்டாம். இவள் என்றைக்கு ஆள் முன்னால் தலை நிமிர்ந்திருக்கிறாள்? இதுவரை இரண்டு கல்யாணப் பேச்சு நின்றிருக்கிறது, ஒருவர் முன்பணம் கட்டிய வண்டியை வேண்டாம் என்றுவிட்டார். உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும், முதலில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வந்தவர்களுக்குப் பாய் விரித்தவள் நான்தான்.

கம்பெனி கேண்டீனில் வேலை செய்யும் சாந்தம்மா ஒரு நாள் வந்தாள். ஆறு வயது மகள் சுப்ரியாவுக்கு வயிற்று வலி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டாள். இவள் குனிந்தாள். சாந்தம்மா குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் குடல்வால் வெடித்து, கிருஷ்ணகிரியில் அவசரமாக ஆபரேஷன் செய்து, குழந்தை பிழைத்ததே பெரும்பாடு. நான் ஓடிப்போய் அவள் காலில் விழாத குறையாக நின்றேன். அவளோ, "விடுக்கா, சுவாதி பாப்பா எங்கள சோதிச்சிப் பாத்துச்சி, அவ்ளோதான்" என்கிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவளுக்கு வெறும் கூச்சம் என்று எத்தனை பேரிடம் சொல்வது, பெற்றவர்களுக்கு அருமை தெரியாது என்று எனக்கே புத்தி சொல்கிறார்கள். அப்பா கேட்டைப் பூட்டிப் பார்த்தார், கேட்டுக்கு வெளியே கற்பூரம் ஏற்றுகிறார்கள். நீ ஆரம்பித்தது, நீ சொன்னால்தான் கேட்பார்கள். கடிதம் கண்டதும் புறப்பட்டு வா.

மாரியம்மன் உன்னைக் காக்கட்டும், நீ போய் உட்கார்ந்த இடத்துச் சாமிகள் எல்லாம் சேர்ந்து உனக்கு நேரத்துக்குப் பசி எடுக்க வைக்கட்டும். ஈரத் தலையோடு பனியில் நிற்காதே.

இப்படிக்கு
உன் அம்மா பொற்கொடி

அண்ணா, இனி எழுதுவது நான். அம்மா சொன்னதை ஞாயிறன்று எழுதி, தபாலில் போடாமல் வைத்திருந்தேன், இன்று புதன். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போயிருக்கிறார். சாந்தம்மா அக்கா நேற்றுக் காலை மறுபடி வந்தார், தையல் பிரிக்கக் கூட்டிப் போகலாமா என்று என்னைத்தான் கேட்டார். கூட சுப்ரியா நின்றாள், வயிற்றைப் பிடித்தபடி. நான் தலை நிமிர்ந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கக்கா, வாங்க டாக்டரக் கேக்கலாம்" என்று சொல்லி, குழந்தையைக் கூட்டிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் இடத்தில் பெயரும் வயதும் நானே சொன்னேன். காதில் விழவில்லை, சத்தமாகச் சொல் என்றார்கள், சத்தமாகச் சொன்னேன். திரும்பி வந்தபோது நம் கேட்டில் இருபது பேர் நின்றார்கள். சாமி வாய் திறந்துவிட்டதாம்.

அதனால் நீ வந்து, இவள் சாமி இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது. அப்படிச் சொன்னால் உன்னைச் சாமி ஆக்குவார்கள். உனக்கும் இன்னும் ஒன்றும் தெரியவில்லை, தேடிக்கொண்டுதான் இருக்கிறாய் என்று அவர்கள் எதிரில் நின்று சொல்ல வேண்டும். முடியாது என்றால் அங்கேயே இரு அண்ணா, கேட்டுக்குப் போய் நானே சொல்லிக்கொள்கிறேன், கேட்கிறவரைக்கும்.

தங்கை
சுவாதி